எங்கள் அணியில் கூழ்மம் பேசிய மாலை

புளூட்டோனியத்தைக் கண்ணாலும் கண்டிராமல், அதன் பெயரால் கண்டி மாவட்டம் முழுவதையும் களைப்படையச் செய்தவன் இவ்வுலகில் ஒருவனே. கெலிஓயாவில் நாங்கள் வாடகைக்கு இருந்த போடிங்கில் என் அறைத்தோழன். பல்கலைக்கழகத்தில் இரசாயன ஆய்வு மாணவன். 'கூழ்மம்' என்பது நாங்கள் சூட்டிய பெயர். கரையாமலும் அடியில் படியாமலும் திரவத்தில் மிதந்து திரியும் கூழ்மத் துணிக்கைகளை விட்டு அவன் பேச்சு ஒருபோதும் இறங்கியதில்லை.

ஒருமுறை அறைக்குப் பெயின்ட் வாங்கச் சென்றோம். தண்ணீரில் கலப்பதா, தின்னரில் கலப்பதா என்று ஹாட்வெயார் கடை முதலாளி கேட்டுத் தொலைத்தார்.

"புளூட்டோனியமும் இப்படித்தாண்ணே. துணிக்கைக்கு உள்ளுக்குள்ள எப்பவும் ஒரே ஒக்சைட் அடுக்குத்தான். தண்ணியில அதுக்கு ஒரு போர்வை, எண்ணெய் மாதிரி கரைப்பான்ல வேற போர்வை."

"தம்பி, எங்கிட்ட இருக்கது வெள்ளையும் நீலமுந்தான். எது வேணும்?"

இத்தகையவனை நான் மேடையேற்ற நேர்ந்தது. விவாதப் போட்டியின் இறுதிச் சுற்று. நாட்டுக்கு அணுமின் நிலையம் தேவை என்பது எங்கள் தரப்பு. அணித்தலைவன் நான், வெற்றிக் கேடயத்துக்காகக் கண்ணாடியின் முன் மாதக்கணக்கில் முழங்கியவன். அன்று காலை எங்கள் மூன்றாம் பேச்சாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மூவரில்லா அணிக்கு மேடையில்லை.

"மச்சான், ஒரே வசனம். புளூட்டோனியம் தண்ணியில கரையாது, அதனால பொதைச்ச எடத்துலயே கெடக்கும். சொல்லிட்டு உக்காந்துரு."

"மொத பாதி சரிடா."

"அப்ப அதைச் சத்தமா சொல்லு."

சொன்னான். அவை கைதட்டியது. நான் கண்ணால் கதிரையைக் காட்டினேன். அவன் அமரவில்லை.

"ஆனா அது அங்கயே கெடக்காதுங்க. கண்ணுக்குத் தெரியாத துணிக்கையா மெதக்கும், வடிதாளையும் தாண்டிரும். மண்ணுக்குள்ள தண்ணி போனா கூடவே போகலாம். எங்க தலைவர் சொன்னது தப்புங்க."

மணி அடித்தது. அவன் கரைப்பான்களுக்கு வந்திருந்தான். மறுபடியும் அடித்தது. போர்வைகளைத் தொடங்கியிருந்தான். எதிரணித் தலைவி தொகுப்புரைக்கு எழுந்து, "நான் சொல்ல இருந்தத அவரே சொல்லிட்டாரு, நன்றி" என்று அமர்ந்தாள். கேடயம் அவளோடு போயிற்று.

போகும் முன் வாசலில் என் பக்கத்தில் நின்ற அவனை மறித்தாள்.

"அடுத்த தடவ எங்க அணிக்கு வாங்களேன்."

"வேணாங்க. நீங்க எல்லாத்துக்கும் தலையாட்டுவீங்க. இவன் மொறைச்சாலும் கடைசி வரைக்கும் கேப்பான்."

கெலிஓயா வழியே போகும் கம்பளை பஸ்ஸைப் பிடிக்க நான் தனியே முன்னால் ஓடினேன். போடிங் சேரும்வரை அவனோடு ஒரு சொல்லும் பேசுவதில்லை என உறுதி பூண்டிருந்தேன். பக்கத்து ஜன்னலோர இருக்கையில் மட்டும் என் கைக்குட்டையைப் போட்டு, அமர வந்தவர்களிடமெல்லாம், "ஆள் வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.