கனவில் போட்ட ஊசி

"இன்னிக்கு அத்தனை ஆட்டுக்கும் நான் ஒருத்தனே ஊசி போடுறேன். சாயங்காலம் உன் தம்பி மூட்டையைக் கட்டணும்!" என்று சூளுரைத்தார் ஆட்டுக்காரர்.

மச்சினன் வந்ததிலிருந்து வீட்டிலிருந்த ஒரே சாய்வு நாற்காலி அவன் வசம். இவருக்கோ அதில் சாயாவிட்டால் அந்த நாள் நாளாகவே படாது.

"முடிக்கலேன்னா?" என்றாள் மனைவி.

"ஆறு வாரத்துல ரெண்டாவது ஊசி வருதே, அதுவரைக்கும் அவன் இங்கேயே இருக்கட்டும்."

"பேச்சு மாறக் கூடாது."

"நானா? மாறுறதா?"

மழை விட்டும் மேய்ச்சல் தரை சொதசொதவென்று கிடந்தது. குளம்பு அழுகல் நோய்க்கு அது போதும்; பக்கத்துப் பட்டியில் ஆடுகள் நொண்டத் தொடங்கிவிட்டன. மருந்துப் புட்டி, ஊசி, போட்டு முடித்த ஆட்டின் நெற்றியில் கோடு கிழிக்க நீலச் சாயக்கட்டி, எல்லாவற்றோடும் பட்டிக்குப் போனவர், மரத்தடியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தார். அங்கேதான் வினை. ஈரக் காற்று இதமாக வருடியது. எது மேகம், எது ஆடு என்று பிரியாமல் எல்லாம் ஒரே வெள்ளையாக மிதந்தது.

அந்த வெள்ளையிலிருந்து ஆடுகள் வரிசையாக வந்தன. முட்டுவதில் பேர்போன கிடாகூட, "வலிக்காதில்லே?" என்று கேட்டுவிட்டுக் கழுத்தை நீட்டியது. போட்டுக்கொண்ட ஒவ்வொன்றும் நன்றி சொல்லி வானத்துக்கு ஏறியது. கடைசியில் ஒரு மேகமும் வரிசையில் நின்றது. பாவம் என்று அதற்கும் ஒரு ஊசி போட்டார். மனசு நிறைந்துபோயிற்று.

கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஐயோ, நாற்காலி போச்சே என்று பதறி எழுந்தவர் திகைத்து நின்றார். ஒவ்வொரு ஆட்டின் நெற்றியிலும் நீலக் கோடு! புட்டியும் காலி!

'தூக்கத்திலேயே முடிச்சிட்டேனா? கைராசின்னா இதுதான்!' என்று ஒரு துள்ளுத் துள்ளி வீட்டுக்கு ஓடினார்.

"முடிஞ்சுதாங்க?" என்றாள் மனைவி.

"கச்சிதமா!"

"கிடா முட்டலையா?"

"கழுத்தை நீட்டிக் காட்டுச்சுடி!"

"கோடு கிழிச்சீங்களா?"

"நெத்தியில நீலம் இருந்தா ஊசி போட்டாச்சுன்னு அர்த்தம். உன் தம்பி எங்கே? கிளம்பச் சொல்லு."

மனைவி சுவரிலிருந்த கண்ணாடியைக் கழற்றி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். நடு நெற்றியில் பட்டையாக ஒரு நீலக் கோடு. ஆட்டுக்காரரின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

"அடிப்பாவி! நீங்க ரெண்டு பேருமா வந்து போட்டீங்க? எனக்கும் சேர்த்தா போட்டீங்க?"

மச்சினன் சாய்வு நாற்காலியில் இன்னும் கொஞ்சம் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

"எதுக்குப் பதறுறீங்க அத்தான்? மந்தையிலேயே உதைக்காம படுத்திருந்தது நீங்க ஒருத்தர்தான்."