தென்துருவத்தை நம்பிய புருஷன்

இந்த வருஷம் குருவி விரட்டப் போவதில்லை. அப்படித்தான் முடிவு பண்ணியிருந்தேன்.

சிரிக்காதீர்கள். எங்கள் லெராலா ஊருக்கு வந்து மூன்று மாதம் சோளக்காட்டில் நின்று பாருங்கள், அப்புறம் தெரியும். கதிர் பால் பிடித்ததும் குருவி வரும். நூறு இருநூறு இல்லை, வானமே இருட்டிக்கொண்டு வரும். விடியும் முன்னே போய், பொழுது சாயும்வரை தகரத்தைத் தட்டிக்கொண்டு காடு முழுக்க ஓட வேண்டும். நானும் என் பெண்டாட்டி லரோனா அம்மாவும் முறை வைத்துத்தான் ஓடுகிறோம். ஆனால் என் முறை மட்டும் எப்படியோ நீண்டுகொண்டே போகும்.

போன அக்டோபரில் விவசாயிகளுக்கு ஒரு நாள் வகுப்பு நடத்தினார்கள். வானிலைக்காரம்மா படம் போட்டுக் காட்டினார். தென்துருவத்தைச் சுற்றிக் காற்று ஒன்று பெல்ட் மாதிரி ஓடுகிறதாம். அது துருவத்தோடு இறுகினால் எங்கள் டிசம்பர் கோடை மழைக்கு நல்ல வாய்ப்பு. தளர்ந்து வடக்கே ஏறினால் வறட்சிக்கு வாய்ப்பு. எனக்குப் பொறி தட்டியது.

டிசம்பர் முதல் தேதி. லரோனா அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன் டிரோ சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் மழை கிடையாது," என்றேன்.

"யாரு சொன்னா?"

"தென்துருவம்."

"போன் பண்ணுச்சாக்கும்?"

பெல்ட் கதையைச் சொன்னேன். அவள் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அங்க பனிக்கட்டியும் பென்குவினும்தானே இருக்கு? அதுக்கும் நம்ம சோளத்துக்கும் என்னங்க சம்பந்தம்?"

"பெல்ட் தளர்ந்து வடக்கால ஏறுச்சுன்னா நமக்கு வர்ற மேகத்தைக் கிழக்கால தள்ளிட்டுப் போய்க் கடல்ல கொட்டிடும்."

"அம்மாடி! அத்தனை தூரத்துல இருந்தா? சரி, இறுகினா?"

"கடல் ஈரம் உள்ள வரும். மேகம் இங்கயே நிக்கும்."

"அதை யாரு இறுக்கறா, யாரு தளர்த்தறா?"

"அதுவாவே ஆடும்."

"எத்தனை நாளைக்கு ஒருக்கா?"

"ரெண்டு வாரம், மூணு வாரம்னு மாறும்."

"இப்ப எங்க இருக்குன்னு எப்படிப் பாக்கறது?"

பெண்டாட்டி என்னிடம் பாடம் கேட்கிறாள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் போனிலேயே அந்த வரைபடத்தை எடுத்துக் காட்டினேன். கோடு மேலே போனால் இறுகுகிறது, கீழே போனால் தளர்கிறது.

"பாத்தியா, கீழ கிடக்கு," என்றேன். "பந்தயம் வெச்சுக்கலாமா? கிறிஸ்துமஸுக்குள்ள மழை பேஞ்சா இந்த வருஷக் குருவி மொத்தமும் நான் விரட்டறேன். பேயலேன்னா நீ. மச்சான் சாட்சி."

"சரி," என்றாள்.

மறுநாளே என் ஆறு உழவு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே மேய்ச்சல் நிலத்தில் இருக்கும் மாட்டுப்பட்டிக்குக் கிளம்பிவிட்டேன். ஏன் தெரியுமா? தப்பித் தவறி மழை வந்தாலும் உழ மாடு இல்லை. உழவில்லை என்றால் கதிர் இல்லை. கதிரில்லை என்றால் குருவி இல்லை. சாப்பாட்டுக்கு என்ன வழி என்று மட்டும் யோசிக்கவில்லை. அத்தனை பெரிய திட்டத்தில் அந்தச் சின்ன விஷயம் விட்டுப்போயிற்று.

மாட்டுப்பட்டியில் ராஜ வாழ்க்கை. இடித்த இறைச்சி, புளித்த பால், மர நிழல். போனில் சிக்னல் கிடையாது, தொல்லையும் கிடையாது. கூட இருந்தவர்களுக்குத் தினமும் தென்துருவம் பற்றிப் பிரசங்கம் வேறு. பதினேழாம் தேதி பிரசங்கத்தின் நடுவில் இடி இடித்தது. அன்று ராத்திரி பூராவும் கொட்டித் தீர்த்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாடுகளை ஓட்டிக்கொண்டு ஓடி வந்தேன். காட்டில் இருபது பேர். நடுவில், உழவுக்குக் கைகொடுத்தவர்களுக்கென்று சோளப் பீர்ப் பானை. கழுதைகள் ஓரமாக மேய்ந்துகொண்டிருந்தன. பாதிக் காட்டில் விதைப்பு முடிந்து நாலு நாளாகிவிட்டது என்றார் டிரோ.

"மழைக்கு முன்னாலயேவா?" என்றேன்.

"நீங்க போன ஆறாம் நாளே கோடு மேல ஏற ஆரம்பிச்சிருச்சுங்க," என்றாள் லரோனா அம்மா. "வானிலைக்காரம்மாவுக்குப் போன் போட்டேன். நல்ல வாய்ப்பு இருக்குன்னாங்க. ஊர்ல இருந்த கழுதையெல்லாம் கேட்டு வாங்கி உழுது போட்டுட்டோம்."

"வாய்ப்புதானேடி! வராமப் போயிருந்தா?"

"அதனாலதானே பாதி விதை மட்டும் போட்டேன். மீதி பாதி உங்களுக்குன்னு வெச்சிருக்கேன். மாடு வந்தாச்சில்ல, உழுங்க."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"எத்தனை தடவை போன் அடிச்சேன்! நீங்க எங்க எடுத்தீங்க?"

சாட்சிக்காரர் டிரோ மச்சான் எழுந்து வந்தார். ஒரு தகரத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

பிப்ரவரி வந்தது, குருவியும் வந்தது. நேற்று ஓடி ஓடி நாக்குத் தள்ளி நின்றபோது, ஊர்த்தலைவரின் ஆள் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"ஐயா, தலைவர் அனுப்பினாரு. ஊர்க் கூட்டத்துல தென்துருவக் காத்தைப் பத்தி விளக்கிச் சொல்லணுமாம். கையோட கூட்டிட்டு வரச் சொன்னாரு."

என் நெஞ்சு நிமிர்ந்தது. கடைசியில் ஒரு மனுஷனாவது என்னை மதித்தானே! தகரத்தை வைத்தேன். தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டேன். "வாங்க, போகலாம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க எங்க வர்றீங்க? லரோனா அம்மா எங்கன்னு கேக்கத்தான் வந்தேன். அந்தா, கிழக்கால குருவி இறங்குது பாருங்க, தட்டுங்க!"