வெயிலம்மாள் திறந்த மூடி

கோவில்பட்டியில் இனி ஒரு பயலும் அடுத்தவன் பாட்டிலைத் திருட்டுத்தனமாகத் திறக்கக் கூடாது என்று மந்திரமூர்த்தி சபதம் எடுத்தான். பெரிய சபதம்தான். எடுத்த இடம்தான் கொஞ்சம் சின்னது. எருமை கட்டிக் கிடந்த தொழுவம்.

அந்த எருமை அவன் பெண்டாட்டி வெயிலம்மாளுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது. கயத்தாறுப் பக்கம் கரிசல்காட்டில் வளர்ந்தவள் அவள். புருஷன் வெளியூர் போனால் கவலைப்பட மாட்டாள். எருமை ஒரு வேளை தவிட்டுத் தண்ணீரைக் குடிக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்ட எருமையை அவள் அண்ணன் வீட்டுக்கு ஓட்டிவிட்டுத்தான் மந்திரமூர்த்தி தொழுவத்தில் பிளாஸ்டிக் மெஷினை இறக்கினான். பிளாஸ்டிக் குருணையைக் கொட்டி, சூடாக்கி, கைப்பிடியைத் தொங்கிப் பிடித்து இழுத்தால் அச்சிலிருந்து ஒரு மூடி விழும். அன்று முதல் அவள் எதைப் பேச ஆரம்பித்தாலும் எருமையில் கொண்டுவந்து முடித்தாள்.

இந்த நேரத்தில்தான் எண்ணெய்க் கம்பெனி ராமசுப்பு அண்ணாச்சி ஆள் அனுப்பினார். அவருக்கு ஒரு தலைவலி. சில கடைக்காரர்கள் அவருடைய நல்லெண்ணெய் பாட்டிலைத் திறந்து, பாதியை எடுத்துவிட்டு, மட்ட எண்ணெயைக் கலந்து, பழையபடி மூடி விற்கிறார்களாம்.

"திறந்தா திறந்துட்டான்னு காட்டிக் குடுக்குத மூடி வேணும்டே. செஞ்சியன்னா ஆர்டர் பூரா ஒனக்குத்தான்."

மந்திரமூர்த்திக்கு மூடிப் பைத்தியம் பிடித்தது. முதலில் செய்த மூடி திறக்கவில்லை. அடுத்துச் செய்தது மூடவில்லை. அதற்கும் அடுத்தது திறந்தது, மூடியது, ஆனால் எண்ணெய் ஒழுகியது. கடைசியில் ஒன்று அமைந்தது. மூடிக்குக் கீழே ஒரு வளையம். இரண்டையும் சேர்த்துப் பிடித்தபடி மெல்லிய நரம்புகள். திருகி இறுக்கினால் வளையம் பாட்டில் கழுத்தின் விளிம்பைத் தாண்டி 'டப்'பென்று உட்காரும். திரும்பத் திறந்தால் நரம்பெல்லாம் அறுந்து, வளையம் கழுத்திலேயே தங்கிவிடும். திருடன் தப்பவே முடியாது. மெஷினை ஓட்டி ஒரு சாக்கு நிறையச் செய்து கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் பெண்டாட்டியைக் கூப்பிட்டான்.

"ஏட்டி, இங்கன வா. இது என்னது, சொல்லு பாப்பம்?"

"மூடி."

"வெறும் மூடியா? எவன் திறந்தாலும் காட்டிக் குடுத்துரும்."

"கோள் சொல்லுத மூடியா? ஒங்க அக்காவுக்கு நல்ல சோடி."

"சிரிக்காதட்டி. வீட்டுல வச்சுப் பரீட்சை பண்ணிட்டு வான்னு அண்ணாச்சி சொல்லியிருக்காவ. நெறஞ்ச எண்ணெய் பாட்டிலுக்கு இதைப் போட்டு செவுத்து மாடாக்குழியில வைக்கேன். எனக்குத் தெரியாம நீ இதத் திறந்துட்டா…"

"திறந்துட்டா?"

ஊருக்கெல்லாம் மூடி செய்தவன் தன் வாய்க்கு ஒன்று செய்துகொண்டிருக்கலாம்.

"மெஷினத் தூக்கிட்டு எருமையைக் கொண்டாந்து கட்டுதேன்."

"குலசாமி மேல ஆணையா?"

"ஆணையா!"

வெயிலம்மாள் பாட்டிலை ஒரு தரம் பார்த்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள். அப்போதே அவன் பயந்திருக்க வேண்டும்.

அது வியாழக்கிழமை. மறுநாள் மத்தியானம் வெளியே போயிருந்தவன் வாசலில் கால் வைக்கும்போதே சீயக்காய் வாசனை அடித்தது. வெயிலம்மாள் முற்றத்து வெயிலில் நின்று தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். நெற்றியோரம் மினுமினுத்தது.

"என்னட்டி, எண்ணெய் தேச்சியா?"

"வெள்ளிக்கெழமை. பொம்பள எண்ணெய் தேய்க்காம?"

"எந்த எண்ணெய்?"

"வீட்டுல எத்தன எண்ணெய் இருக்கு?"

விழுந்தடித்துக்கொண்டு மாடாக்குழிக்கு ஓடினான். பாட்டிலில் எண்ணெய் நன்றாக இறங்கியிருந்தது. மூடி மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நகத்தால் நெருடிப் பார்த்தான். ஒரு நரம்பாவது அறுந்திருக்க வேண்டுமே! அவனுடைய நரம்புதான் அறுந்தது.

"ஏட்டி, எப்படித் திறந்த?"

"கையாலதான்."

"கையால எப்படி?"

"அது கைப்பக்குவம். சொன்னா வராது. எருமைய ஓட்டிட்டு வரச் சொல்லி எங்க அண்ணனுக்கு ஆள் அனுப்பட்டுமா?"

சொல்லவே மாட்டேன் என்றுவிட்டாள். மந்திரமூர்த்தி நரம்பு அறாமல் தானே திறந்து பார்க்க உட்கார்ந்தான். வடிகஞ்சியில் முக்கிப் பார்த்தான், வளையம் கோணிக்கொண்டது. ஊசியை விட்டு நெம்பினான். ஊசி விரலில் ஏறியது. பல்லால் இழுத்தான், பல் ஆடியது. மூடி அசையவில்லை. தன்னால் திறக்க முடியாததை அவள் திறந்துவிட்டாள் என்பதுதான் அவனை அடியோடு சாய்த்தது. எண்ணெய்க் கையோடு இருந்த ஒரு பொம்பளையே அடையாளம் தெரியாமல் திறக்கிறாள் என்றால் கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? இந்த மூடியை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி முன்னால் போய் நிற்க முடியுமா? தொழிலும் போச்சு, மானமும் போச்சு என்று குருணை மூட்டையின் மேல் உட்கார்ந்து நிஜமாகவே அழுதான். தன்னைப் போல் உதவாக்கரை இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று அவனுக்குத் தோன்றியது. பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. வெயிலம்மாளும் பாவப்பட்டு ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்தாள்.

"கடையில வாங்குன மோரு. எருமை இருந்திருந்தா கெட்டியா இருந்திருக்கும்" என்றாள்.

ஆணை ஆணைதானே. அவன் யாருக்கும் சொல்லி அனுப்பாமலே மறுநாள் பக்கத்துத் தெரு பூவனலிங்கம் மாட்டுவண்டியோடு வந்து நின்றான்.

"மெஷினத் தள்ளிவிடப் போறீயளாமே அண்ணாச்சி? அச்சையும் சேத்துக் குடுத்துருங்க."

"அந்த அச்சு வேண்டாம்டே. அது என்னைய ஏமாத்துன அச்சு."

"கெடக்கட்டும், இரும்புதான" என்று அவன் அதையும் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டான்.

மெஷின் போன வாசல் வழியே எருமை வந்தது. வெயிலம்மாள் அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். கல்யாணத்தன்று மந்திரமூர்த்தியைக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை. இரண்டு நாள் அவன் தொழுவத்துப் பக்கமே தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் காலையில், எருமைப்பாலில் போட்ட காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு ஈனஸ்வரத்தில் கேட்டான்.

"இனியாவது சொல்லிரு. எப்படித் திறந்த?"

"திருகித்தான்."

"நரம்பு அறலியே?"

"அறாம? அம்புட்டும் அறுந்துட்டு. வளையம் கழுத்துல தங்கிட்டு. அதக் கத்தியால அறுத்து அடுப்புல போட்டேன். கட்டிலுக்கடியில சாக்கு கெடக்குல்லா, அதுல புதுசா ஒண்ணு எடுத்துத் திருகுனேன். டப்புன்னு உக்காந்துட்டு."

காப்பி மேலெல்லாம் கொட்டியது. ஊரில் எந்தக் கடைக்காரன் வீட்டுக் கட்டிலுக்கடியில் மூடிச் சாக்கு இருக்கிறது? நாட்டிலேயே அந்த வசதி உள்ள ஒரே வீட்டில் வைத்தல்லவா அவன் பரீட்சை நடத்தியிருக்கிறான்!

"அப்ப என் மூடி தோக்கலியா?"

"தோத்துட்டுன்னு நான் எப்பச் சொன்னேன்? ஒங்களுக்குத் தெரியாம திறக்கணும்னுதான பேச்சு? திறந்தேன்."

மந்திரமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பூவனலிங்கம் வீட்டுக்கு ஓடினான். அங்கே தெருமுனை வரைக்கும் பிளாஸ்டிக் உருகும் வாடை. மெஷினுக்குப் பக்கத்தில் அவனுடைய மூடி, அவனுடைய வளையம், அவனுடைய நரம்பு, எல்லாம் குவியல் குவியலாகக் கிடந்தன.

"வாங்க அண்ணாச்சி! எண்ணெய்க் கம்பெனி ஆர்டர் கெடச்சிட்டு. ராமசுப்பு அண்ணாச்சி மூடியத் திருகிப் பாத்துட்டு அசந்துபோனாவ."

"இது நல்ல மூடின்னு ஒனக்கு யாருடே சொன்னா?"

"ஒங்க வீட்டு மதினிதான். 'நானே மல்லுக்கட்டித்தான் திறந்தேன், எந்தக் கொம்பனும் இத ஏமாத்த முடியாது, தைரியமா வாங்கு'ன்னாவ."

மந்திரமூர்த்தி எட்டி மெஷின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"மெஷினத் திருப்பிக் குடுத்துருடே."

"அது ஆவாது அண்ணாச்சி. ஆனா கைப்பிடி இழுக்க ஆளு வேணும். ஒங்கள மாதிரித் தொழில் தெரிஞ்சவுக எனக்கு எங்க கெடைப்பாவ?"

சொந்த மெஷினில் கூலிக்கு இழுப்பதா? இழுக்காமல் வீட்டில் எருமை முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? மந்திரமூர்த்தி மிச்சமிருந்த கௌரவத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு, "வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லுதேன்" என்றான்.

"அதெல்லாம் நேத்தே மதினிகிட்ட கேட்டாச்சு அண்ணாச்சி. சாணி அள்ளி, எருமையக் குளிப்பாட்டி முடிச்சதும் அனுப்பி வைக்கேன்னு சொல்லிட்டாவ."