பேட்ரிக் வீட்டு ஸ்டூடியோவில் நிலவிய பூரண அமைதி

ஒலிக்கு இந்தப் பூமியில் ஒரு நாதி உண்டென்றால் அது ஜார்ஜ்டவுனில், குமாஸ்தா பேட்ரிக் வீட்டுப் பின்னறைதான். அவர் தியாகத்தை நினைத்தால் நாமெல்லாம் வெட்கித் தலைகுனிய வேண்டும்.

அவர் மனைவி லீனா, புனித அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். பதிவு செய்து கொடுத்தால் தேர்ப்பவனியில் போடுவதாக ஃபாதர் சொல்லிவிட்டார். ஆசையில் அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

"ஏங்க, ஹேன்ட்போன்லயே பாடி அனுப்பிடவா?"

பேட்ரிக் துள்ளி எழுந்தார். "அன்னம்மாளுக்கு ஹேன்ட்போனா? மானம் போயிரும் லா!"

"பாட்டையாவது கேளுங்களேன்."

"மைக் முடிவாகட்டும். இப்பவே கேட்டா காது கெட்டுப்போயிரும்."

உடனே 'கருவித் தேர்வுக் குழு' உதயமானது. தலைவர் பேட்ரிக். உறுப்பினர், லீனாவின் தம்பி இராயப்பன். சூலியா தெரு தேத்தண்ணிக் கடையில் கூட்டத்துக்கு மேல் கூட்டம். மைக்கும் ஹெட்போனும் 'ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின்' வந்து இறங்கின. அடுத்த யூடியூப் வீடியோவைப் பார்த்ததும் விற்ற கடைக்கே திரும்பின; வேறு ஜோடி வந்தது. எதிரொலியை ஒழிக்க, நாசி கண்டார் சோற்றுக் கடையில் கெஞ்சி வாங்கிய முட்டை அட்டைகள் சுவரெல்லாம் ஏறின. கரப்பான்பூச்சிகளும் கூடவே குடிவந்தன.

"அத்தான், அக்கா எப்பதான் பாடும்?" என்றான் இராயப்பன்.

"அவசரத்துல செய்யிற காரியமாடா இது?"

தினமும் 'ஒலிச் சோதனை' நடந்தது. "ஹலோ, செக், செக்!" பேட்ரிக்கின் குரல்தான், வேறு யார் குரல்? அடுப்படியில் சம்பால் கிண்டிக்கொண்டே லீனா தன் பாட்டை லேசாக முணுமுணுத்தாள்.

"லீனா! வாய மூடு லா! சத்தம் மைக்ல ஏறுது!"

லீனா அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பின் வாய் திறக்கவில்லை. இப்படியாக மின்விசிறி, மிக்ஸி, மனைவி என்று இடையூறுகள் ஒவ்வொன்றாக ஒழிந்தன. அறை குறையற்றதாயிற்று. ஒரு கேபிள் மட்டும்தான் பாக்கி.

கேபிள் வருமுன் திருவிழா வந்துவிட்டது. தேர் அசைய, ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் எழுந்தது. கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. பேட்ரிக்குக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுதாண்டா ரெக்கார்டிங்! பெரிய ஸ்டூடியோவுல எடுத்திருக்காங்க. என்ன மைக்கா இருக்கும்?"

இராயப்பன் கையிலிருந்த மெழுகுவர்த்தியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நம்ம காடிக்குள்ள உக்காந்து, நாலு கதவுக் கண்ணாடியும் ஏத்திட்டு, ஹேன்ட்போன்ல எடுத்தது," என்றாள் லீனா.

"சும்மா சொல்லாத லா! பாடுனது யாரு?"

"உங்க மைக்ல ஏறுச்சே, அந்தச் சத்தந்தாங்க."