இருபது நிமிடத்தில் லிஸ்பன்

இண்டூர்.

என் அக்காள் பெற்ற செல்வமே, மாட்ரிட் மாநகரைத் தாங்கி நிற்கும் கம்ப்யூட்டர் தூணே, மருமகன் அருள்பிரகாஷுக்கு மாமன் சின்னப்பன் எழுதுவது. இங்கே நான், உன் அத்தை மதலேனம்மாள், கறவை மாடு மூவரும் சுகம். அந்தச் சுகம் நீடிக்க வேண்டுமானால், எங்களுக்குப் போட்ட விமானச் சீட்டை உடனே ரத்து செய்.

லிஸ்பன் பக்கத்துப் பாத்திமா மாதா கோயிலுக்குக் கூட்டிப்போக ஆசைப்பட்டாய், சரி. பெங்களூரிலிருந்து மாட்ரிட்டுக்கு ஒரு பகல் முழுக்கப் பறக்குமே, அது மரியாதை தெரிந்த விமானம். அடுத்த சீட்டைத்தான் உன் அத்தை கண்ணாடியையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். மாட்ரிட்டில் பத்து மணிக்கு ஏறினால் லிஸ்பனில் பத்து இருபதுக்கு இறக்கமாம். நடுவில் ஐந்நூறு கிலோமீட்டர்! இண்டூரில் தருமபுரி பஸ் ஏறினால், இருபது நிமிடத்தில் கண்டக்டர் என் பக்கம்கூட வந்திருக்க மாட்டார். திரும்பும்போது மட்டும் அதே தூரத்துக்கு இரண்டு மணி இருபது நிமிடம். போகும்போது பட்ட அடியில் விமானம் நொண்டிக்கொண்டு வருகிறதா? அதைப் பார்த்த நாளிலிருந்து நான் நடுங்கும் நடுக்கத்தில் கட்டில் தானாக நகர்ந்து வாசலுக்கு வந்துவிட்டது.

சரி, வேகத்துக்கு உடம்பைப் பழக்கலாமென்று தக்காளி வண்டி பச்சியப்பனிடம், "பாலக்கோடு வரைக்கும் வெரட்டுடா, நான் பின்னாடி ஒக்காந்துக்கறேன்" என்றேன். "எறங்கறப்ப எந்தக் கூடையில இருக்கீங்கன்னு சத்தம் குடுங்க மாமா"ன்னான். வெரட்டினான் பாரு! துண்டு ஒரு தென்னமரத்துல, செருப்பு கர்நாடகா எல்லையில. மார்க்கெட்டுல எறங்கறப்ப உச்சியிலருந்து உள்ளங்கால் வரைக்கும் தக்காளி. ஏலக்காரர் என்னையும் சேத்துக் கூவிட்டார். வாங்க வந்தவன் என் கன்னத்த அமுக்கிப் பாத்து, "இது கனிஞ்சிபோச்சுங்க, ரசத்துக்குத்தான் ஆவும்"ன்னான்.

வண்டிக்கே இந்தக் கதின்னா விமானத்துக்கு? நேராப் பங்குச் சாமியார்கிட்டப் போயி அவஸ்தை எண்ணெய் பூசச் சொன்னேன்.

"யாருக்குங்க?"

"எனக்குத்தான் சாமி. லிஸ்பன் போறேன்."

"அதுக்கு சாவக் கெடக்கணுங்களே!"

"பத்து இருபதுக்குக் கெடப்பேன் சாமி."

சிரிக்காத மாப்ள. மத்ததெல்லாம் கொஞ்சம் கூட்டி எழுதியிருப்பேன், பயம் மட்டும் கூட்டாதது. நான் தரைய விட்டு ஏறின பெரிய ஒசரம் புளியமரம். அதுலருந்து எறக்க நாலு பேர் வந்தாங்க.

மோட்சத்துச் சகல சம்மனசுகளும் உன் தலைமாட்டில் காவல் நிற்கட்டும்.

இப்படிக்கு,
தரையிலேயே இருக்க விரும்பும்
சின்னப்பன் மாமன்

பின்குறிப்பு: உன் அத்தை இதைப் படித்துவிட்டாள். "மாட்ரிட்ட விட லிஸ்பன் கடியாரம் ஒரு மணி நேரம் பின்னாடின்னு அருளு அன்னைக்கே போன்ல சொன்னானே, நீங்கதான் கொறட்ட விட்டீங்க. மாதாவுக்கு நேந்துகிட்டவ நான். நீங்க வராட்டி என் தம்பி சவரிமுத்து பாஸ்போர்ட்டோட நிக்கறான்" என்கிறாள். சவரிமுத்துவா! அவன் போய் வந்து கதை சொல்ல, அதை இண்டூரில் உட்கார்ந்து நான் கேட்பதா? சீட்டை ரத்து செய்யாதே. ஜன்னலோரம் அத்தைக்கு, பக்கத்து இடம் எனக்கு. லிஸ்பன் வரைக்கும் அவள் கையை விட மாட்டேன். யாராவது கேட்டால், பயந்தது அத்தைதான்.