ஸலாம் சொல்லியே முடிந்த ஆங்கிலக் கட்டுரை

“கம்பஸுக்குப் போய் இங்கிலீஷ்ல எழுதப் போறியா? உனக்கு வாய் இருக்கு மகள், அது போதும். எழுத்து வேற சாமான்.”

உம்மாவின் தம்பி ஹனீபா மாமா எங்கள் வீட்டில் பிளேன்டீ குடித்துக்கொண்டே இப்படிச் சொன்னார். மாமாவில் பிழையில்லை. எங்கள் ஊரான ஆலங்குடாவில் என் வாயைத் தெரியாதவர்கள் கிடையாது. மீலாத் விழாப் பேச்சுப் போட்டிகளில் நான் வென்ற கிண்ணங்கள் அலுமாரியை நிரப்பிவிட்டதால், உம்மாவின் நல்ல கோப்பைகள் கட்டிலுக்கு அடியில் குடியிருந்தன. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்தபோது வாப்பாவின் படிப்பு நின்றது. நானா, என் அண்ணன், எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போய்விட்டார். பல்கலைக்கழகம் வரை போனவள் நான் ஒருத்திதான். (அந்தப் பெருமை இன்னும் இருக்கிறது. மறைக்கப் போவதில்லை.)

முதலாம் ஆண்டில் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதும் பாடம் ஒன்று இருந்தது. அதில் தேறினால்தான் புவியியல் சிறப்புக் கற்கைக்கு விண்ணப்பிக்கலாம். தவறினால் அந்தக் கதவு மூடிவிடும். தலைப்பு: உங்கள் ஊரில் ஒரு பிரச்சினை, அதில் உங்கள் வாதம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எங்கள் கரையில், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கும் கைட் சேர்ஃபிங்காரர்கள் வந்ததிலிருந்து வள்ளம் ஏற்ற இடம் இல்லை என்பது வீட்டில் தினமும் கேட்கும் கதை. கிண்ணங்கள் வாங்கித் தந்த அதே முறையில் எழுதி முடித்தேன்.

விரிவுரையாளர் ஒரு சிங்களப் பெண்மணி. ஆங்கிலத்தில் சொன்னார்: “ஒவ்வொருவராக வாசியுங்கள். எழுதியவரின் வாதம் பிடிபட்டதும் மற்றவர்கள் கையைத் தூக்குங்கள்.”

எனக்கு முன்னால் வாசித்தவனுக்கு இரண்டாவது வரியிலேயே கைகள் உயர்ந்தன. ‘பாவம், அவசரக்காரன்’ என்று நினைத்தேன்.

நான் எழுந்தேன். முதல் பந்தியில் இறைவனைப் புகழ்ந்து ஸலாம் சொன்னேன். மதிப்புக்குரிய விரிவுரையாளர் அவர்களே, அறிவார்ந்த சக மாணவர்களே! (எல்லாம் ஆங்கிலத்தில்.) இரண்டாம் பந்தியில், இத்தனை பெரிய தலைப்பை இந்தச் சிறியவளிடம் ஒப்படைத்ததற்கு நன்றி. மூன்றாம் பந்தியில் புத்தளத்து உப்பு, கற்பிட்டிக் கருவாடு, கடலோரக் களப்பின் அழகு. ஒரு கையும் உயரவில்லை. எல்லோரும் சொக்கிப்போய்விட்டார்கள் என்று நினைத்துக் குரலை இன்னும் உயர்த்தினேன். “நேரத்தின் அருமை கருதிச் சுருக்கமாகச் சொல்வதானால்…”

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது! என் நெஞ்சு துள்ளியது.

“மிஸ், தண்ணி குடிச்சிட்டு வரலாமா?”

வகுப்பே வெடித்துச் சிரித்தது. நான் நிறுத்தவில்லை. (மேடையில் மைக் செத்தபோதும் நிறுத்தாதவள்.) வாய்ப்பளித்தமைக்கு நன்றி கூறி, வஸ்ஸலாம் சொல்லி முடித்தேன். யாரும் கை தட்டவில்லை.

“உட்காராதே,” என்றார் மிஸ். “நேரத்தின் அருமை என்றாயே, யாருடைய நேரம்?”

“சபையோருடைய நேரம், மிஸ்.”

“தாளில் எங்கே சபை?”

சிறப்புக் கற்கை பேருந்தேறிப் போவது என் கண்ணுக்கே தெரிந்தது. மிஸ் தாளை வாங்கி விரலால் தேடிக்கொண்டே போய், முடிவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். “இதை மட்டும் வாசி.”

வாசித்தேன்: “வள்ளங்களைக் கரைக்கு ஏற்றவேண்டிய காற்றுக் காலத்தில்தான் கைட்காரர்களும் வருகிறார்கள், ஆகவே கரையில் யாருக்கு எவ்வளவு இடம் என்று முடிவுசெய்யும் கூட்டத்தில் மீனவரும் இருக்கவேண்டும்.”

எல்லாக் கைகளும் உயர்ந்தன. தண்ணீர்ப் போத்தலோடு வாசலில் நின்றவனும் தூக்கினான்.

“இந்த வரியில் தொடங்கி எழுது. நாளை கொண்டு வா. புள்ளி போடுவது அதற்குத்தான்.”

விடுதி அறைக்கு ஓடிப்போய் வாப்பாவுக்கு அழைத்தேன்.

“அஸ்ஸலாமு அலைக்கும் மகள். சாப்பிட்டியா? அங்க மழையா? இஞ்ச உம்மாட முழங்கால்…”

“வாப்பா, விசயத்துக்கு வாங்க! முதல் வரியிலயே விசயம்!”

“என்ன புள்ள, பொலிஸ்ல சேந்துட்டியா?”

புதிய முதல் வரியை அவருக்குத் தமிழில் சொன்னேன். “சரிதான். ஆனா உன்ட நானா இப்ப கைட் படிச்சிக் குடுத்துத்தானே உழைக்கிறான்? அத உட்டுட்டு எழுதினா நியாயமா?”

நானா போனைப் பறித்தார். “எனக்கும் ஒரு பந்தி போடு புள்ள! கஞ்சத்தனம் பண்ணாத!”

போட்டேன். கைட்டால் எங்கள் வீட்டுக்கே வருமானம் வருகிறது என்பதை ஒப்புக்கொண்டேன். அவர்களைத் துரத்தச் சொல்லவில்லை, இடத்தைப் பங்கிடத்தான் கேட்கிறேன் என்று பதிலும் எழுதினேன். எழுத எழுத உடம்பெல்லாம் பரபரத்தது. என் வாதத்தை நானே எதிர்த்து, நானே வெல்லலாம்! எந்த மேடையிலும் எனக்கு இது கிடைத்ததில்லை. மிஸ் அந்தப் பந்திக்குப் பக்கத்தில்தான் பெரிதாகச் சரி போட்டார். பாடத்தில் தேறினேன். சிறப்புக் கற்கையும் கிடைத்தது.

வீட்டில் இந்தக் கதையைச் சொன்னதுதான் வினை. இப்போது யாராவது சுற்றி வளைத்துக் கதைத்தால், விசயம் வந்ததும் எல்லோரும் கையைத் தூக்குகிறார்கள். ஒருநாள் பக்கத்து வீட்டு ராத்தா ஊர்க்கதை முழுவதையும் கதைத்துவிட்டு, “அப்ப அந்தப் பெரிய சட்டிய ஒருக்காத் தாங்களேன்” என்றார். வாப்பா இரண்டு கைகளையும் தூக்கினார். துஆ ஓதப் போகிறார் என்று நினைத்த ராத்தா, தானும் கையேந்தி “ஆமீன்” சொன்னார்.

நான் இப்போது மூன்றாம் ஆண்டு. கரையைப் பங்கிடுவது பற்றிய என் ஆய்வு முன்மொழிவை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன், துறையில் ஏற்றுக்கொண்டார்கள். போன சனிக்கிழமை, முதல் நேர்காணலுக்காக நானாவின் முதலாளியிடம் போனேன். வெளிநாட்டுக்காரர். போனில் பதிவை அழுத்திவிட்டு, வள்ளங்கள் எந்த இடத்தில் ஏறவேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்று எடுத்த எடுப்பில் கேட்டேன்.

“முதலில் ஒரு டீ குடிப்போமே,” என்றார்.

குடித்தேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டேன்.