இல்லாத தியேட்டருக்கு இரண்டு கோட் வெள்ளை

டெல்மார் ஓவர்ஹோல்ட் அந்த வட்டாரத்தில் காணாமல் போன கடைசி டிரைவ்-இன் தியேட்டரையும் கண்டுபிடித்துவிட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஒஹாயோவில் ஹிக்கரி பெண்ட் என்கிற ஊர். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மறுநாளே டெல்மார் ஒரு சபதம் எடுத்தார். காரில் உட்கார்ந்தபடியே படம் பார்த்த அந்தத் தியேட்டர்கள் எல்லாம் மூடிப்போய், சோளக்காடாகவும் சூப்பர் மார்க்கெட்டாகவும் பழைய டயர் கிடங்காகவும் மாறிவிட்டன அல்லவா? ஒவ்வொன்றும் எந்த இடத்தில் இருந்தது, யார் நடத்தினார்கள், எந்தக் காற்றில் திரை சாய்ந்தது என்று கண்டுபிடிக்காமல் ஓய்வதில்லை.

இந்த விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. டிரைவ்-இன் தரையில் விசிறி விரித்தாற்போல வரிசை வரிசையாக மேடு கட்டியிருப்பார்கள். காரின் மூக்கு மேட்டில் ஏறி நின்றால்தான் முன்னால் நிற்கும் கார் மறைக்காமல் திரை தெரியும். தியேட்டர் போனாலும் அந்த மேடு போகாது. உழுதாலும் லேசில் போகாது. டெல்மார் வயலில் குப்புறப் படுத்து, கன்னத்தை மண்ணில் வைத்து, ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். "மூணாவது வரிசை," என்பார். ஒரு தடவை அப்படிப் படுத்திருந்தவரை ஒரு காளை வந்து முகர்ந்து பார்த்ததாம். முட்டவில்லை. தானும் பக்கத்தில் படுத்து, திரை இருந்த திசையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்ததாம். நம்புகிறவர்கள் நம்பலாம்.

சனிக்கிழமை காலையில் கிளம்பினால் பொழுது சாயத்தான் வீடு திரும்புவார். சாக்ஸ் நிறைய ஒட்டுமுள் இருக்கும். மனைவி லவோன் அதை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்குவாள். பிடுங்கும்போது திட்டுவாள். முள் ஜாஸ்தியென்றால் திட்டும் ஜாஸ்தி.

அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமையில்தான் டெல்மார் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, காப்பியை உறிஞ்சிக்கொண்டு, பெருமை தாங்காமல் வாயை விட்டார்.

"முடிஞ்சுது லவோன். கடைசி தியேட்டரும் கிடைச்சாச்சு. இந்த வட்டாரத்துல இனி தேடறதுக்கு ஒண்ணும் பாக்கி இல்ல."

லவோன் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி எதிரே உட்கார்ந்திருந்தாள். கடைசி முள்ளைப் பிடுங்கிப் போட்டாள்.

"அப்போ இனிமே சனிக்கிழமை சும்மாதானே இருப்பே, கண்ணு?"

'கண்ணு' என்று அவள் கூப்பிட்டால் டெல்மாருக்கு முழங்கால் வலிக்க ஆரம்பித்துவிடும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் எப்போதும் ஓர் ஏணி நின்றுகொண்டிருக்கும்.

"எதுக்குக் கேக்கறே?"

"கொல்லையில இருக்குற களஞ்சியத்துச் சுவரைப் பாரு. வெயில்ல தோல் உரிஞ்ச ஆளோட முதுகு மாதிரி இருக்கு. பாத்திரம் கழுவறப்ப எல்லாம் அந்த மூஞ்சியிலதான் முழிக்கறேன். ரெண்டு கோட் வெள்ளை அடிச்சிட்டா போதும்."

டெல்மார் களஞ்சியத்தைப் பார்த்தார். மூன்று யானைகளை நெடுக்காக நிறுத்தினாலும் மிச்சம் இருக்கும் சுவர். ஒரு கணத்தில் அவருடைய சனிக்கிழமைகள் எல்லாம் ஏணியில் ஏறிப் போவது தெரிந்தது. அவர் மனத்தில் வேறு கணக்கு இருந்தது. நண்பன் வெண்டலுடைய குளம். குளத்தில் மீன். கரையில் நாற்காலி.

"முடிஞ்சுதுன்னு சொன்னேன்ல," என்றார். "ஒண்ணைத் தவிர."

"இப்பதானே பாக்கி இல்லேன்னே?"

"கண்டுபிடிக்கக்கூடியதுல பாக்கி இல்லேன்னேன். இது லேசுல கிடைக்கற தியேட்டர் இல்ல."

"பேரு?"

ஜன்னலுக்கு வெளியே ஓடையில் ஒரு நீலக் கொக்கு நின்றுகொண்டிருந்தது.

"நீலக்கொக்கு," என்றார் டெல்மார்.

"கேள்விப்பட்டதே இல்லையே."

"நீ எப்படிக் கேள்விப்படுவே? நீ அப்போ வேற ஊரு. நாங்க பள்ளிக்கூடம் போற காலத்துல ஒரே ஒரு கோடைக்குத்தான் ஓடிச்சு."

"எந்த மாதிரி இடம்?"

"ஒரு ஓடை. ஓடை ஓரமா வால்நட் மரம். நடத்துனவன் பாவம், திரை கட்டக் காசில்லாத ஆளு. ஒரு களஞ்சியத்துச் சுவர்ல வெள்ளை அடிச்சு அதுலயே படம் காட்டினான். கிழக்கு பாத்த சுவரு. சாயங்கால வெயில் படத்து மேல விழக்கூடாதுல்ல?"

பொய் சொல்லப்போகிறவன் ஜன்னலைப் பார்த்து உட்காரக் கூடாது. டெல்மார் பஸ் ஓட்டின காலம் முழுக்கக் கண்ணாடி வழியாகவே உலகத்தைப் பார்த்துப் பழகியவர். பழக்கத்தை விட முடியவில்லை.

லவோன் சாக்ஸை மடித்து வைத்தாள். "ரொம்பக் கஷ்டமான தேடலா இருக்கும் போல," என்று மட்டும் சொல்லி, அடுத்த சனிக்கிழமைக்கு ரொட்டியும் பன்றி இறைச்சியும் கட்டிக்கொடுத்தாள்.

ஆகா, அந்தக் கோடை. சனிக்கிழமைதோறும் டெல்மாரும் வெண்டலும் குளக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பிடித்த மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார் டெல்மார். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதே. மீன்களுக்கும் அவருக்கும் ஒரு சிநேகம்கூட ஏற்பட்டுவிட்டது. ஒரு பெரிய மீன் தன் முறை வந்ததும் தானாகவே வந்து தூண்டிலைக் கடிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் லவோன் வழக்கம்போல சாக்ஸை மடியில் போட்டுக்கொள்வாள். திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

"கிடைச்சுதா?"

"நெருங்கிட்டேன். ரொம்ப நெருங்கிட்டேன்."

"பாவம்," என்பாள். திட்டக்கூட மாட்டாள். கிழவிக்கு வயதாகிறது, குணம் கனிந்துவிட்டது என்று டெல்மார் நினைத்துக்கொண்டார்.

கோடை பாதி கழிந்தபோது சர்ச்சில் விருந்து. ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவந்து கூடிச் சாப்பிடுகிற விருந்து. லவோன் நூடுல்ஸ் சட்டியைத் திறந்துகொண்டே, பக்கத்து வீட்டு இர்மாவிடம் சாதாரணமாகக் கேட்டாள். இர்மா ஊர் வரலாற்றுக் கழகத்தின் செயலாளர். தெரியாது என்ற சொல் அவள் வாயில் வந்ததில்லை.

"இர்மா, ஓடையோரமா, வால்நட் மரத்தடியில நீலக்கொக்குன்னு ஒரு டிரைவ்-இன் இருந்துச்சாமே. டெல்மார் தேடி அலையறான். உனக்கு ஞாபகம் இருக்காது, விடு."

"எனக்கா ஞாபகம் இருக்காது?" இர்மா கரண்டியை வைத்துவிட்டாள். "நான் அங்க படம் பாத்திருக்கேன். எங்க அண்ணன் கார் டிக்கியில ஒளிஞ்சு போனேன்."

டெல்மார் வாய்க்குக் கொண்டுபோன ஆப்பிள் பலகாரத்தைத் தட்டிலேயே திருப்பி வைத்தார்.

"நீங்க வேற ஏதாவது தியேட்டரைச் சொல்றீங்க, இர்மா."

"ஏன், என் ஞாபகத்துமேல சந்தேகமா? ஓடை சத்தம் கேட்டுது. வால்நட் காய் ஒண்ணு டிக்கிமேல டொம்முன்னு விழுந்துது."

அவ்வளவுதான். மேஜை முழுவதும் பற்றிக்கொண்டது. ஹிக்கரி பெண்டில் டிக்கெட் வாங்கி டிரைவ்-இன்னுக்குப் போனேன் என்று சொல்கிற ஆள் ஒருவர்கூடக் கிடையாது. எல்லாரும் டிக்கியில் ஒளிந்து போனவர்கள். அப்படிப் போகாதவனை இந்த ஊரில் மனிதனாகவே மதிப்பதில்லை. ஆகையால் யாருக்கும் வழி தெரியாது, வாசல் தெரியாது. டிக்கிக்குள் இருட்டாக இருந்தது. எந்தத் தியேட்டர் பேரைச் சொன்னாலும் அங்கே போன மாதிரியே இருந்தது. ஒருவர் பாப்கார்னில் உப்பு அதிகம் என்றார். இன்னொருவர், உப்பே கிடையாது என்றார். இருவரும் கோபித்துக்கொண்டு வேறு வேறு மேஜைக்குப் போனார்கள்.

டெல்மார் எழுந்து போய் வெண்டலை ஓரமாக இழுத்தார்.

"டேய், இதென்னடா கூத்து? நீலக்கொக்குன்னு ஒண்ணும் கிடையாதுன்னு நமக்குத் தெரியும். சும்மா சனிக்கிழமைக்குன்னு நான்தானே சொன்னேன்?"

வெண்டல் தாடையைச் சொறிந்தான்.

"அப்படித்தான்டா நானும் நெனச்சேன். ஆனா இர்மா சொல்லச் சொல்ல... டெல்மார், நான் போயிருக்கேன்டா."

"என்னது?"

"அந்த டொம் சத்தம். பக்கத்து டிக்கியில நான்தான் இருந்தேன். எனக்கே கேட்டுச்சு."

அடுத்த சனிக்கிழமை டெல்மார் தூண்டிலைக் காரில் வைக்கப் போகும்போது, கொல்லைப்பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தார். வரலாற்றுக் கழகமே புல்லில் நின்றுகொண்டிருந்தது. நடுவில் லவோன் எலுமிச்சைச் சாறு ஊற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வா கண்ணு," என்றாள். "நீ அங்கயும் இங்கயும் அலைஞ்சது போதும். நேத்து பாத்திரம் கழுவிட்டிருந்தேன். திடீர்னு தோணுச்சு. ஓடை. வால்நட் மரம். கிழக்கு பாத்த களஞ்சியத்துச் சுவரு. எல்லாம் நம்ம ஜன்னல்லயே இருக்கு."

"அது... ஒத்து வர்ற மாதிரி இருக்கும். ஆனா..."

"இந்த இடத்தை நாம வாங்கறதுக்கு முன்னால இங்க இருந்த கிழவர் ஏதாவது சொன்னாரா?"

"அவர் யார்கிட்டயும் பேசினதே இல்லையே."

"பாத்தியா, ரகசியத்தை மனசுலயே வெச்சிருந்திருக்காரு."

அந்தக் கிழவர் இப்போது பேச நினைத்தாலும் முடியாது.

இர்மா தரையைக் காட்டினாள். "சும்மா பேசறதுல அர்த்தமில்ல, டெல்மார். இங்க வரிசையா மேடு இருக்கு. விசிறி மாதிரி வளைஞ்சிருக்கு. எங்களுக்கு என்ன தெரியும்? நீங்கதான் நிபுணர். படுத்துப் பாத்துச் சொல்லுங்க. டிரைவ்-இன் மேடுதானா?"

டெல்மாருக்கு அது என்ன மேடு என்று படுக்காமலே தெரியும். அவரே போட்ட உருளைக்கிழங்கு வரப்பு. ஒரு வருஷம் போட்டுப் பார்த்து, உருளைக்கிழங்கைவிட எலி அதிகம் விளைந்ததால் அப்படியே விட்டுவிட்டார். வளைந்திருப்பதற்குக் காரணம், அவருடைய டிராக்டர் எப்போதும் இடது பக்கம் இழுக்கும்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் குப்புறப் படுத்தார். கன்னத்தை மண்ணில் வைத்தார். இத்தனை வருஷத்தில் இல்லாத ஒரு தியேட்டரை இருந்ததாக அவர் ஒருபோதும் சொன்னதில்லை. அந்த நல்ல பெயர் ஒன்றுதான் அவருடைய சொத்து. "இது இல்லை" என்று சொல்லிவிட வாயைத் திறந்தார்.

அப்போது ஒரு ஜோடிச் செருப்பு அவர் மூக்குக்கு எதிரே வந்து நின்றது. லவோன் குனிந்தாள்.

"இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடு, கண்ணு. அப்புறம் இத்தனை சனிக்கிழமையா எங்கெல்லாம் தேடினேன்னு இவங்களுக்கு ஒண்ணொண்ணாச் சொல்லேன். எனக்கும் கேக்க ஆசையா இருக்கு."

டெல்மார் கண்ணை மூடிக்கொண்டார்.

"மூணாவது வரிசை," என்றார்.

எல்லாரும் கைதட்டினார்கள். வெண்டல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்த இடத்திலேயே தீர்மானம் ஆயிற்று. இரண்டு வாரத்தில் நீலக்கொக்கு மறுபடி ஒரு சாயங்காலம் திறக்கும். சர்ச்சின் படம் காட்டுகிற கருவியைக் கொண்டுவருவார்கள். எல்லாரும் காரோடு வருவார்கள். ஆளுக்கொரு பலகாரம் கொண்டுவருவார்கள்.

"திரைக்கு என்ன பண்றது?" என்றாள் இர்மா. "இந்தச் சுவர்ல படம் காட்டினா, கதாநாயகிக்கு அம்மை போட்ட மாதிரி தெரியும்."

"வெள்ளை அடிச்சுத்தான் காட்டினாங்கன்னு டெல்மாரே சொன்னானே," என்றாள் லவோன். "ஏணி களஞ்சியத்துக்குள்ளதான் இருக்கு."

முதல் கோட் அடித்து முடிக்க ஒரு சனிக்கிழமை. இரண்டாவது கோட்டுக்கு இன்னொரு சனிக்கிழமை. வெண்டல் உதவிக்கு வந்தான். ஏணியைப் பிடித்துக்கொண்டு, நீலக்கொக்கில் தான் பார்த்த படங்களின் கதையை முழுவதுமாகச் சொன்னான்.

அந்தச் சாயங்காலமும் வந்தது. களஞ்சியத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. வெள்ளைச் சுவர் பளபளவென்று நின்றது. கார்கள் உருளைக்கிழங்கு வரப்பில் மூக்கை ஏற்றி வரிசையாக நின்றன. நல்ல பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று இர்மா தன் அண்ணன் கார் டிக்கியிலிருந்துதான் இறங்கினாள். இடுப்பு பிடித்துக்கொண்டதால் இறக்குவதற்கு மட்டும் நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

படம் ஏதோ பழைய குதிரைக்காரன் படம். லவோன் முன் சீட்டில் டெல்மாரை ஒட்டி உட்கார்ந்து, பாப்கார்ன் பொட்டலத்தை இருவருக்கும் நடுவில் வைத்தாள். நல்ல கவுன் போட்டிருந்தாள். காதில் கம்மல்கூடப் போட்டிருந்தாள்.

"தெரியுமா டெல்மார்? இத்தனை வருஷமா நீ எல்லா டிரைவ்-இன்னையும் தேடிட்டுப் போனே. என்னை ஒண்ணுக்குக்கூடக் கூட்டிட்டுப் போனதில்ல."

"எல்லாம் மூடினதாச்சே."

"அதான் ஒண்ணைத் திறக்க வேண்டியதாப் போச்சு."

டெல்மார் திரையைப் பார்த்தார். குதிரை ஒன்று சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடியது. ஓர் இடத்தில்கூடத் தோல் உரியாத சுவர். நன்றாகத்தான் அடித்திருக்கிறோம் என்று பட்டது.

"எப்ப தெரிஞ்சுது?" என்றார்.

"முதல் சனிக்கிழமையே. உன் சாக்ஸ்ல ஒரு முள்ளு இல்ல. தியேட்டர் தேடிப் போறவன் சாக்ஸா அது? அதுவும் மீன் வாடையோட."

"அப்பவே திட்டியிருக்கலாம்ல?"

"திட்டியிருந்தா சுவர் வெள்ளையாகுமா?"

அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். டெல்மாருக்கு மனசு நிறைந்துபோயிற்று. தோற்றால் என்ன, இப்படித் தோற்கலாம் என்று நினைத்தார். எப்படியோ, வேலை முடிந்தது. வரும் சனிக்கிழமை குளக்கரைக்குப் போகலாம். இனிமேல் ஒளிவு மறைவு கிடையாது. மீனைக்கூட வீட்டுக்கே கொண்டு வரலாம்.

"கண்ணு," என்றாள் லவோன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அடுத்த சனிக்கிழமை ரோட்டுப் பக்கச் சுவரு."

"அதுக்கு எதுக்கு வெள்ளை? படம் இந்தப் பக்கம்தானே?"

"அந்தப் பக்கமும் ஒரு தியேட்டர் இருந்துச்சாம். இர்மாவுக்கு இப்பதான் லேசா ஞாபகம் வர ஆரம்பிச்சிருக்கு."